புலியின் காதுக்குக் கீழே ஒரு புள்ளி

11 ஜூன் 2023, ஞாயிறு

சங்கக் கூட்டம். கல்யாண மண்டபத்து மாடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடம்தான் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த இடம். நேற்று யார் வீட்டு விசேஷமோ, ரச வாசம் மேசையில் அப்படியே இருந்தது. அதன் மேல் விரிப்பைப் போட்டு ஆளாளுக்கு ஆல்பத்தைப் பரப்பினார்கள். எங்கள் கோவை பழநோட்டுச் சங்கத்துக்கு இந்த மாதம் ஐந்து புது ஆட்கள். "சுலோசனா மேடம், ஜார்ஜ் நூறு பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார் தலைவர் நஞ்சப்பன். நாலு வார்த்தையாம்! முக்கால் மணி நேரம் பேசினேன்.

என் நோட்டையே எடுத்துக் காட்டினேன். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட நூறு ரூபாய். இந்தக் காலத்து நூறு இரண்டைச் சேர்த்து வைத்தால்தான் அதன் பரப்பு வரும். முன்பக்கம் ராஜா, அவர் பக்கத்தில் ஒன்றுமே அச்சடிக்காத வெள்ளை இடம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த வெள்ளையில் ராஜாவின் தலை வாட்டர்மார்க்காக எழும்பி வரும். அது தாள் செய்யும்போதே தாளுக்குள் போனது. அதை அச்சில் கொண்டுவர எவனாலும் ஆகாது. பின்பக்கம் புலி முகம். பல மொழிகளுக்கு நடுவே தமிழில் 'நூறு ரூபாய்' எங்கே என்று தேடச் சொன்னால் வந்தவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். எந்த ஊர் ஆபீசிலிருந்து வெளியானதோ அந்த ஊர்ப் பெயரும் அடித்திருக்கும். என்னுடையது மதராஸ்.

"ஓரத்துல ரெண்டு ஓட்டை இருக்குதுங்களே, சேதாரமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "பேங்க்ல கட்டுக் கட்டி கம்பி அடிச்ச ஓட்டைங்க அது. ஓட்டையே இல்லாத பழைய நோட்டுன்னா நான் மொதல்ல சந்தேகப்படுவேன்" என்றேன். கை தட்டினார்கள்.

கடைசி அடையாளத்தை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் என் சிநேகிதி அம்சவேணிக்கும் மட்டும் தெரிந்தது.

கூட்டம் முடியும்போது உண்மைச் சான்று கேட்டு ஒரு ஜார்ஜ் நூறு வந்தது. ஏலத்துக்குப் போகும் எந்த நோட்டுக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம், என் பேர் இருந்தாலே யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்தக் கூடத்தில் வெளிச்சமே போதாது. வேணி ஜன்னலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்த்து, "ராஜா தலை நல்லாத் தெரியுது சுலோ" என்றாள். நான் லென்ஸில் கடைசி அடையாளத்தைப் பார்த்தேன். இருந்தது. போட்டேன் கையெழுத்து.

13 ஜூன், செவ்வாய்

சமையலறை பல்பை மாற்றினேன். ஒன்பது வாட் என்று சொல்லி ஏமாற்றுகிறான் கடைக்காரன். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

18 ஜூன், ஞாயிறு

வேணி வந்தாள். தூக்குப்போசியில் சூடாக அரிசிம்பருப்புச் சாதம். நான் ரவிக்கைக்கு ஊக்கு தைக்க முடியாமல் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிடுங்கி ஒரே குத்தில் நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

இவளைப் பற்றி எழுதாத பக்கம் இந்த டைரியில் கிடையாது. ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. கூட்டுறவு பேங்கில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து கவுண்டர். பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில், ஒன்று அவள் இடுப்பில். ஒரு சாவிக்கு அந்தக் கதவு திறக்காது. ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கும் வேலை ஓடாது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ராத்திரி என்னோடு பெஞ்சில் படுத்தவள் அவள்தான், என் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

அந்த நூறு ரூபாயும் அவள் கொடுத்ததே. 2002-இல் என் நாற்பதாவது பிறந்த நாளுக்கு. மாமனார் பெட்டியில் கிடந்ததாம். கவுண்டரில் இருந்தபடியே "இந்தா புள்ள, ராஜா நோட்டு" என்று கம்பித் தடுப்புக்கு மேலே நீட்டினாள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச வருஷம் கழித்து லென்ஸ் வாங்கிப் பார்த்தபோது, பின்பக்கப் புலியின் இடது காதுக்குக் கீழே கடுகில் பாதி அளவுக்கு ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தது. அச்சுத் தகட்டைச் செதுக்கியவன் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்துவிட்டுப் போன ரகசியக் குறி! எந்தப் புத்தகத்திலும் இல்லை. மற்ற நோட்டுகளில் தேடினேன், அகப்படவில்லை. ஒரே ஒரு தகட்டில் மட்டும் வைத்திருப்பான் என்று முடிவு கட்டி, நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து எழுதி வைத்தேன். வேணியிடம் மட்டும் காட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன் அவளே கேரளா வியாபாரி கொடுத்ததாக இன்னொரு நூறைக் கொண்டுவந்தாள். அதிலும் அதே இடத்தில் புள்ளி! அன்றைக்கு நான் ஆடாத குறைதான். அதையும் சேர்த்து இதோடு அவள் மூலமாக நாலு வந்துவிட்டன.

போகும்போது, "டாக்டர் சொன்னத மனசுல வெச்சுட்டு அவசரப்படாத சுலோ. புரை முத்தோணும். முத்தாம கத்தி வெச்சா இருக்கறதும் போயிரும். நாந்தான் கூட இருக்கறனில்ல" என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்றால்... எல்லாருக்கும் அறுபது வயசில் வருவதுதான். எழுத என்ன இருக்கிறது.

24 ஜூன், சனி

உடுமலையிலிருந்து வெள்ளிங்கிரி மாஸ்டர் வந்தார். ரிட்டையர் ஆன டிராயிங் மாஸ்டர், சங்கத்துக்கு ஒரு கூட்டம் விடாமல் பஸ் ஏறி வருகிறவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஜார்ஜ் நூறை எடுத்து வைத்தார். போன வருஷம் எங்கள் ஏலத்தில் எடுத்தது.

"மெட்ராஸ்ல ஒருத்தருகிட்டக் காட்டுனனுங்க மேடம். வாட்டர்மார்க்கே இல்லைன்னுட்டாருங்க. கையில வாங்கி முழுசாக்கூடப் பாக்கலீங்க, தூக்கிப் பாத்துட்டு மேசை மேல போட்டுட்டாரு."

"மெட்ராஸ்காரன் சொன்னா வேத வாக்கா? அவன் பழைய நோட்டு எத்தனை பாத்திருப்பான்? நான் ஒரு நாளைக்கு லட்ச ரூபாய் எண்ணுன கை இது."

"அதத்தானுங்க நானும் சொன்னேன். உங்க கையெழுத்தப் பாத்துத்தானுங்க எடுத்தேன். உங்க பேரு ஒண்ணு மட்டும் இருந்தாப் போதாதுங்களா?"

மனசுக்கு இதமாக இருந்தது. ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். மூட்டமான வானம், ஆனாலும் ஏதோ இருப்பது போலத்தான் தெரிந்தது. பழசானால் எதுவும் மங்கும். தாள் கையில் கொஞ்சம் தொய்வாக இருந்தது, உடுமலைக் காற்றின் ஈரமாக இருக்கலாம். லென்ஸ் வைத்தேன். புள்ளி இருக்கிறது! "அசல்தான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நிதானமாப் பாருங்க. எம் பேத்தி கல்யாணத்துக்குக் குடுக்கோணும்னு வெச்சிருந்தது" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை.

25 ஜூன், ஞாயிறு

வேணியிடம் போனில் சொன்னேன். "அந்த நோட்ட எதுக்கு வாங்கி வெச்ச? திருப்பிக் குடுத்திரு" என்றாள். கோபமாகக் கேட்டது. அவளுக்கு என் பேர் கெட்டுவிடுமே என்ற கவலை.

9 ஜூலை, ஞாயிறு

பேர் கெட்டேவிட்டது. கூட்டத்தில் இன்னொருத்தரும் தன் நோட்டு போலி என்று கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். நஞ்சப்பன் நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். "அடுத்த கூட்டத்துல ஏலத்துல போன ஜார்ஜ் நூறு நாலையும் வரவழைச்சு எல்லாரும் பாத்து முடிவு பண்ணிக்கலாமுங்க. அதுவரைக்கும் மேடம் சான்று குடுக்க வேண்டாம்."

சங்கத்துக்கு வந்த பதின்மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேங்கில் ஒரு நாள் கூட என் கணக்கு உதைத்தது கிடையாது. எழுந்து கத்தினேன். "நாலும் அசல். எங்கிட்ட வேற யாருக்கும் தெரியாத அடையாளம் இருக்குது. ஆகஸ்ட்ல கொண்டுவந்து நிரூபிக்கிறேன். தப்புன்னா சங்கத்துப் படியே மிதிக்க மாட்டேன்!"

வேணி என் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்ச சுபாவம் அவளுக்கு.

பஸ் ஸ்டாப்பில் மட்டும் சொன்னாள்: "நீ எதையும் ஒத்துக்காத. கையெழுத்துப் போட்டவ பின்வாங்குனா அசிங்கம். அசல்னு அடிச்சுப் பேசு."

அவள் மகன் யுகேந்திரன் ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போனான். திருப்பூரில் பனியன் லேபிள் அச்சடிக்கும் யூனிட் வைத்திருக்கிறான். எப்போதும் "சுலோம்மா" என்று இறங்கி வந்து பேசுகிற பையன், இன்று ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வெயில்.

12 ஜூலை, புதன்

யுகேந்திரன்தான் நாலு வருஷத்துக்கு முன் சங்க மலருக்கு அட்டைப்படம் போட என் நோட்டை வாங்கிப் போனவன். இரண்டு நாளில் பத்திரமாகக் கொடுத்துவிட்டான். மலர் வரவேயில்லை.

எதற்கு இது இப்போது ஞாபகம் வருகிறது?

15 ஜூலை, சனி

கீரைக்காரம்மாவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். மிச்சம் வாங்க நின்றால், "அம்மா, இது ஐநூறுங்க" என்று கையில் திருப்பி வைத்தாள். பக்கத்து வீட்டு ஷகிலா பார்த்துக்கொண்டிருந்தாள். கீரைக்காரி போன பிறகு, "அக்கா, போன வாரம் எனக்கும் இப்படித்தான் குடுத்தீங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு பேசாம மாத்தி வெச்சேன்" என்றாள்.

இருபத்தாறு வருஷம் நோட்டு எண்ணின கை.

வாசற்கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீரை வாடிவிட்டது.

16 ஜூலை, ஞாயிறு

எழுதியே விடுகிறேன். எனக்கு வலது கண்ணில் மூன்று வருஷமாக ஒன்றும் சரியாகத் தெரிவதில்லை. இடது கண்ணும் புகை போட்டது போலத்தான். வேணிக்கு மட்டும் தெரியும்.

நாளைக்கு ஆடி பிறக்கிறது. "ஆடியில கண்ணுல கத்தி வெக்கறவங்க உண்டா?" என்பாள் வேணி. போன வருஷம் ஆடி, அதற்கு முன் கத்திரி வெயில், அதற்கு முன் மார்கழிப் பனி என்று அவள் தள்ளிப்போட்ட நாட்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

ஷகிலாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிவிட்டேன். "முத்தறது கித்தறது எல்லாம் அந்தக் காலம்மா. மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

வேணிக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

28 ஜூலை, வெள்ளி

வலது கண். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஷகிலா எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. வேணி இரண்டு தடவை போன் செய்தாள். சளி என்று சொல்லச் சொன்னேன்.

30 ஜூலை, ஞாயிறு

அட சாமி! இந்த வீட்டிலா நான் குடியிருந்தேன்? அடுப்பு மேடையில் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளை என்று நினைத்துத் துவைத்துப் போட்ட திரை பழுப்பு. ஷகிலாவின் சுடிதார் என்ன ஒரு நீலம்! கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

2 ஆகஸ்ட், புதன்

காலையில் ஆல்பத்தை எடுத்தேன். என் நோட்டையும் மாஸ்டர் நோட்டையும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். வெளியே பளீரென்ற வெயில்.

முதலில் என்னுடையது. வெள்ளை இடத்தில் ராஜா எழும்பி வந்தார். மூக்கு, தாடை, நெற்றி எல்லாம். எத்தனை வருஷமாயிற்று பார்த்து!

மாஸ்டருடையது. ஒன்றுமில்லை. தலை போல ஒரு சாம்பல் கறை. அதுவும் தாளுக்கு மேலேதான் இருக்கிறது, உள்ளே இல்லை. மெட்ராஸ்காரர் மேசையில் போட்டது நியாயம். நானாக இருந்தால் தரையில் போட்டிருப்பேன். ஓரத்தில் கம்பி ஓட்டை இரண்டு இருந்தது. என் நோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு நேராக ஓட்டை. எழுபது எண்பது வருஷத்துக்கு முன் வேறு வேறு கட்டில் இருந்த இரண்டு நோட்டுக்கு ஒரே இடத்தில் எப்படிக் கம்பி விழும்?

பிறகு புள்ளி. இரண்டிலும் ஒரே இடம், ஒரே அளவு. ஆனால் என்னுடையதைத் திருப்பினால் முன்பக்கத்திலும் மங்கலாக ஊதா தெரிகிறது. மை தாளில் ஊறி அந்தப் பக்கம் வந்திருக்கிறது. அச்சு மை அப்படி ஊறாது. இது ரப்பர் ஸ்டாம்பு மை. பேங்கில் ஆயுசு பூராவும் விரலில் பூசிக்கொண்டிருந்த அதே ஊதா மை. அது எனக்குத் தெரியாதா? மாஸ்டர் நோட்டில் மறுபக்கம் சுத்தம். அங்கே புள்ளி அச்சில் வந்திருக்கிறது.

ரகசியக் குறி! நானே ஒரு கறையைச் செதுக்கியவன் தலையில் கட்டி, படம் வரைந்து, பூட்டி வைத்திருக்கிறேன். நாலு நோட்டும் என் நோட்டைப் பார்த்து அடித்தது. நான் வேறெதையும் பார்க்க மாட்டேன், அதை மட்டும்தான் பார்ப்பேன் என்று தெரிந்து அடித்தது. ஊருக்காக அடித்த நோட்டு இல்லை இது. என் ஒருத்தியின் கண்ணுக்காக அடித்தது.

யுகேந்திரனாக இருக்கும். அந்தப் பையன் தாயை ஏமாற்றியிருப்பான். வேணிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஜன்னலில் பார்த்தபோது அவளுக்கும் வெளிச்சம்...

அதே நாள், சாயங்காலம்

சான்று அட்டைகளின் அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டம் நான், இரண்டாவது வேணி.

நூற்றுப் பதினெட்டுச் சான்று. நூற்றுப் பதினான்கில் இரண்டு கையெழுத்து. அந்த நாலில் மட்டும் இரண்டாவது கட்டம் வெறுமை.

அந்த நாலு தடவையும் சொன்னாள். "நீ போடு சுலோ, நான் பொறவு போட்டுக்கறேன்."

மாஸ்டர் அன்றைக்கே சொன்னார். உங்க பேரு ஒண்ணு மட்டும்.

3 ஆகஸ்ட், வியாழன்

நாலு வேளை சொட்டு மருந்து. கண்ணைக் கசக்கக் கூடாது, அழக் கூடாது என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

துரோகி. துரோகி. எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவைக்கு மேல் எழுத வரவில்லை.

கள்ள நோட்டு அடித்ததைக் கூட விடு. யூனிட் ஓடாமல் பையன் நெருக்கியிருப்பான், தாய் மனசு. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் பேனாவை மூடி வைத்தாளே, அந்த நாலு தடவை! மாட்டினால் நான் மட்டும் மாட்ட வேண்டும் என்று முதல் நாளே யோசித்திருக்கிறாள். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்த கை, அரிசிம்பருப்பு கொண்டுவந்த கை. நான் குருடாகவே இருக்க வேண்டும் என்று ஆடியும் மார்கழியும் பார்த்த வாய்.

தூக்குப்போசி இன்னும் இங்கேதான் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

10 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு வழி. ஒன்று, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது. நாலு பேரும் ஏமாந்தது ஏமாந்ததாகவே இருக்கும், "சுலோசனா பார்த்துத்தானே கொடுத்தார்" என்று ஊர் பேசிப் பேசி ஓயும். இரண்டாவது, எழுந்து நின்று சொல்வது. அவளைச் சொல்ல வேண்டுமானால், மூன்று வருஷம் கண் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று என்னையும் சொல்ல வேண்டும். நூற்றுப் பதினான்கு நல்ல நோட்டும் சந்தேகமாகும். என் பேருக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

மாஸ்டரின் கும்பிடு கண் முன்னால் நிற்கிறது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். "என்ன சுலோ, ஸ்டைலு?" என்று வேணி சிரித்தாள். எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், எப்போதும் போல.

மேசை மேல் நாலு நோட்டும் வரிசையாக இருந்தன. மாஸ்டருடையதை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். நஞ்சப்பன், "மேடம், ஏதோ அடையாளம்னு சொன்னீங்க..." என்று ஆரம்பித்தார். எழுந்தேன்.

"நாலும் கள்ள நோட்டுங்க. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். பாக்காமப் போட்டேன். எனக்கு மூணு வருசமாக் கண்ணு தெரியலீங்க."

பின்னால் யாரோ "அடக் கடவுளே" என்றார்கள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். முதல் நோட்டை எடுத்து வேணியிடம் நீட்டினேன்.

"எப்பவும் நீதானே ஜன்னல்ல பாத்துச் சொல்லுவ. இப்பவும் பாத்துச் சொல்லு வேணி. ராஜா தலை தெரியுதா?"

அவள் வாங்கினாள். ஜன்னல் நாலடிதான். போகவில்லை. நோட்டைப் பார்க்கவும் இல்லை. என் கண்ணையே பார்த்தாள், வலது கண்ணை. அங்கேதான் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது.

"எப்ப ஆபரேசன் பண்ணுன?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே சுலோ."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது. நான் செய்ததுதான் துரோகம் என்பது மாதிரி!

நான் அடிக்கட்டைப் புத்தகத்தைத் திறந்து நஞ்சப்பன் முன்னால் வைத்தேன். நாலு வெறும் கட்டத்தையும் அவரே விரல் வைத்துப் பார்த்தார். நோட்டு கைக்குக் கை ஜன்னலுக்குப் போய் வந்தது.

புள்ளி சமாச்சாரத்தையும் சொல்லிவிட்டேன், என் முட்டாள்தனத்தோடு சேர்த்து. இளவட்டங்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காதுக்குக் கீழே புள்ளி இருந்தால் கள்ள நோட்டு என்று படம் பிடித்து எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார் நஞ்சப்பன். போலீசுக்கு எழுதிக் கொடுக்கவும் தீர்மானம் ஆனது. நானும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிவரும். போகிறேன்.

படி இறங்கும்போது வேணி காத்திருந்தாள். தூக்குப்போசியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ளி எங் கையில இருந்த மைதான் புள்ள" என்றாள். "உனக்கு அந்த நோட்ட நீட்டுனப்ப ஸ்டாம்பு அடிச்சுட்டு இருந்தேன், வெரலெல்லாம் மை. ரகசியக் குறின்னு நீ வந்து காட்டுன அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அத்தன சந்தோசமா இருந்த. சொல்ல மனசு வரல."

திட்டுவதற்கு ஒரு வண்டி வார்த்தை வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

இடது கண்ணுக்கும் தேதி வாங்கியாயிற்று. ஸ்டேஷனில் மூன்று மணி நேரம். சப்-இன்ஸ்பெக்டர் சின்னப் பெண். "கண்ணு தெரியாமயே சைன் பண்ணீங்களா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் ஆமாம் என்றேன்.

9 செப்டம்பர், சனி

உடுமலைக்குப் போனேன். மாஸ்டர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். என் ஜார்ஜ் நூறை உறையோடு அவர் முன்னால் வைத்தேன். "இது அசல். உங்க பேத்திக்குக் குடுங்க. மறுப்புச் சொல்லக் கூடாது."

வாசலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்த்தார். படம் வரைகிற மனுஷர், ரசித்துப் பார்த்தார். "அடடா, என்னா அழகுங்க! ராஜா கண்ணத் தொறந்து பாக்கற மாதிரி இருக்குது." பிறகு திருப்பிப் புலியைப் பார்த்தார். அவர் கட்டை விரல் காதுக்குக் கீழே நின்றது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சொன்னா நான் நம்பறனுங்க. ஆனா நாளைக்கு எம் பேத்தி இத எங்க கொண்டுபோனாலும், இந்தப் புள்ளியப் பாத்ததும் தூக்கிப் போட்டிருவானுங்க. எல்லாச் சங்கத்துக்கும் படம் போயிருச்சுங்களே."

இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் கும்பிட்டார். இந்தத் தடவை அந்தக் கும்பிட்டில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஏலத்தில் அவர் கொடுத்ததை மாசாமாசம் என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு, கூட்ட நாள். சங்கத்துக்குப் போகவில்லை. வெண்டைக்காய் நறுக்கினேன், குளித்தேன், திரையைப் பிரித்துத் துவைத்துப் போட்டேன். ஊசியில் நூலை நானே கோத்தேன்.

பதினோரு மணிக்கு ஆல்பத்தில் நோட்டைத் திரும்ப வைக்கப் போனவள், ஜன்னலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பிடித்தேன். "ராஜா தலை நல்லாத் தெரியுது சுலோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். அட்டை ஒன்று எடுத்து உண்மைச் சான்று எழுதி முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கட்டத்துக்கு ஆள் இல்லை.